உருளைக்கிழங்குச் சாறும் ஓடும் காகிதப் பொட்டும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் போன மாதம் அறிவியல் கண்காட்சி. எட்டாவது படிக்கும் என் தம்பி மகள் ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு பாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு, இரண்டு ஊட்டி உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். நடுவராக வந்தவர் கேட்டாராம்: "இதனால சமுதாயத்துக்கு என்ன பயன்? ரத்தத்துல நீந்திப் போய் கேன்சரைக் கொல்ற ரோபோவே வந்தாச்சு. நீ கிழங்கு வெச்சு விளையாடிட்டு இருக்க." பரிசு, தெர்மாகோலில் எல்.ஈ.டி. எரியவிட்ட ஸ்மார்ட் சிட்டிக்கு.

அந்த ரோபோ வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் அவள் டம்ளரில் ஓடிக்கொண்டிருந்தது.

கிழங்கைத் துருவித் துணியில் பிழிந்தாள். சாறு சீக்கிரமே பழுப்பாகிவிடும், பரவாயில்லை. வடிதாளைப் பஞ்சிங் மிஷினில் பொட்டு பொட்டாக வெட்டி, சாற்றில் நனைத்து, பெராக்சைடில் போட வேண்டும். பொட்டு நேரே அடியில் போய் உட்காரும். ஒன்றும் நடக்காது போலிருக்கும். பிறகு விளிம்பில் கடுகை விடச் சின்னக் குமிழ்கள் கோத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தூக்கும், சாயும், சட்டென்று மேலே கிளம்பிவிடும். மேலே வந்து குமிழ் உடைந்தால் சில பொட்டுகள் மறுபடி இறங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சங்கதி. பேட்டரி கிடையாது. சுற்றியிருக்கும் திரவமே பெட்ரோல்.

2004-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பெட்ரோலில்தான் 2 மைக்ரான் நீளக் குச்சிகளை ஓட்டினார்கள். பாதி தங்கம், பாதி பிளாட்டினம். ஒரு தலைமுடியின் குறுக்கே முப்பது குச்சிகளை வரிசையாக வைக்கலாம். நொடிக்குத் தன் நீளத்தைப் போலப் பத்து மடங்கு வரை ஓடின. 10 மீட்டர் பஸ் அந்தக் கணக்கில் ஓடினால் மணிக்கு 360 கிலோமீட்டர். நம்ம ஊர் கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். பிளாட்டினத்தில் வரும் ஆக்ஸிஜன் பின்னாலிருந்து தள்ளும் என்றுதானே நினைப்போம்? பிளாட்டினம் முன்னால் போனது! குச்சிக்குள் எலக்ட்ரான்கள் பிளாட்டினத்திலிருந்து தங்கத்துக்குப் போகின்றன, வெளியே நீரில் புரோட்டான்களும் அதே பக்கம் நகர்கின்றன, அந்த ஓட்டம் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்பது பிறகுதான் தெளிவானது.

அந்த அளவில் தண்ணீரே மலைத்தேன் மாதிரி. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-லேயே கணக்குப் போட்டார்: பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், நிற்பதற்குள் நகரும் தூரம் ஓர் அணுவின் அகலம்கூட இல்லை. நியூட்ரலில் உருட்டி இறக்கும் வித்தையெல்லாம் அங்கே செல்லாது.

சரி, கேன்சர் ரோபோவுக்கு வருவோம். பெராக்சைடைப் புண்ணில் ஊற்றலாம், ரத்தத்தில் ஏற்ற முடியாது, செல்களையே கொன்றுவிடும். அதனால்தான் வயிற்று அமிலத்தையே எரிபொருளாக்கும் துத்தநாகம், மெக்னீசியம் பக்கம் போனார்கள். 2015-ல் அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வாளர்கள், இப்படித் தானாக ஓடும் நுண்ணிய துத்தநாக மோட்டார்களை எலியின் வயிற்றில் ஓடவிட்டார்கள். 2017-ல் மெக்னீசிய மோட்டாரில் ஆன்டிபயாடிக் ஏற்றி எலிக்கு இருந்த வயிற்றுத் தொற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் எலி வயிறு எங்கே, "கேன்சரைக் கொன்னாச்சு" எங்கே.

என்னைக் கேட்டால், இதில் தூக்கத்தைக் கெடுக்கிற சமாச்சாரம் கும்பல்தான். 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு பக்கம் இரும்பு ஆக்சைடு துருத்திக்கொண்டிருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைப் பெராக்சைடில் போட்டு நீல வெளிச்சம் காட்டினார்கள். ஓட ஆரம்பித்த உருண்டைகள் தானாகக் கூடிப் படிகமாக அடுக்கிக்கொண்டன. அந்தப் படிகம் நகர்ந்தது, இன்னொன்றோடு மோதியது, உடைந்தது, மறுபடி சேர்ந்தது. வெளிச்சத்தை அணைத்தால் கலைந்துபோயின. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள பெராக்சைடைத் தின்பதால் அங்கே செறிவு குறைகிறது. அந்த வித்தியாசமே பக்கத்து உருண்டையை இழுக்கிறது. கூட்டம் கூட்ட யாரும் மைக் பிடிக்கவில்லை.

ஜப்பானில் வட்ட வாய்க்காலில் கற்பூரம் ஒட்டியதால் தானாக ஓடும் குட்டிப் படகுகளை விட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடினால் காரணமே இல்லாமல் நெரிசல். மே மாதம் ஊட்டி போகும் மலைப்பாதையில் பர்லியாரில் சிக்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், டம்ளரின் மேல்மட்டத்தில் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அவளே கேட்டாள்: "இதுங்க ஏன் பெரியப்பா ஒண்ணா சேருது?" அது உருண்டைகளின் கதை இல்லை, டீயில் நுரைக் குமிழ்கள் ஒன்று சேருமே, அந்தப் பரப்பு இழுவிசை. ஆனால் கேள்வி அதே கேள்வி. நடுவர் குனிந்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் அவருக்கும் தோன்றியிருக்கும். எட்டாவது படிக்கும் பிள்ளையிடம் "பயன் என்ன" என்று கேட்பதுதான் நம் கண்காட்சிகளைத் தெர்மாகோல் கடையாக்கி வைத்திருக்கிறது.

இரண்டு நாள் டம்ளரைத் தொடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில், ராத்திரி ஜன்னலோரம் இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினாள். பொட்டு மேலே வர 41 நொடி. பாட்டிலைக் கொஞ்ச நேரம் அடுப்படியில் வைத்துவிட்டுப் பார்த்தால் 23. குளிரில் நொதி சோம்பும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், நோட்டை எடுத்து அடுத்த பொட்டை நனைத்துவிட்டாள். அன்றைக்கு மதியம் வீட்டில் கிழங்குப் பொரியல் இல்லை.