ஸ்பைடர்மேன் தூக்கிய பாரம்

பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் பற்றிப் பேசினாலே "அந்தக் காலத்துக்கு அது பரவாயில்லை" என்று சலுகை கொடுப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 31, 32, 33 ஆகிய இதழ்களை மறுபடி எடுத்துப் படித்தேன். 1965 கடைசியில் தொடங்கி 1966 பிப்ரவரி இதழில் முடிகிற கதை. அதற்கு எந்தச் சலுகையும் வேண்டாம்.

கதிரியக்கச் சிலந்தி கடித்து ஸ்பைடர்மேன் ஆனவன் பீட்டர் பார்க்கர். அவன் பெரியம்மா மே சாகக் கிடக்கிறார். காரணம், முன்பு ஒருமுறை பீட்டர் அவருக்குக் கொடுத்த ரத்தம். அதிலிருந்த கதிரியக்கம்தான் இப்போது அவர் உயிரைக் குடிக்கிறது. பிழைக்க வைத்த ரத்தமே எமனாக வந்து நிற்கிறது! இதே நாட்களில்தான் அவன் காலேஜில் சேருகிறான். கூடப் படிக்கும் க்வென் ஸ்டேசியும் ஹாரி ஆஸ்பர்னும் அறிமுகமாவது இங்கேதான். பெரியம்மா நினைப்பிலேயே இருப்பவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களோ அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கவலையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பெரியம்மாவைக் காப்பாற்றக்கூடிய மருந்தை வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் கடத்திவிடுகிறார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் அவர்கள் இடத்துக்கே ஸ்பைடர்மேன் போகிறான். சண்டையில் ராட்சத இயந்திரம் ஒன்று சரிந்து அவன் மேல் விழுகிறது. மருந்து கண்ணெதிரே கிடக்கிறது, கைக்கு எட்டவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. 32ஆம் இதழ் அங்கே முடிகிறது.

அடுத்த இதழின் முதல் ஐந்து பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் பாரத்தைத் தூக்குகிறான், அவ்வளவுதான் நடப்பது. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அதை அவசரப்படுத்தவே இல்லை. குனிந்த தலை, நடுங்கும் தோள், நினைவில் வந்துபோகும், இறந்துபோன பென் பெரியப்பாவின் முகம். முயல்கிறான், முடியவில்லை, மறுபடி முயல்கிறான். பாரம் மேலே எழ எழ, கட்டங்களும் பெரிதாகின்றன. ஐந்தாம் பக்கம் முழுக்க ஒரே படம். கொட்டும் தண்ணீருக்கு நடுவே இரண்டு கையாலும் இயந்திரத்தைத் தூக்கி நிற்கிறான். முகமூடி போட்ட ஆளுக்கு முகபாவம் ஏது? முதுகையும் விரல்களையும் வைத்தே வலி அத்தனையையும் காட்டிவிட்டார் மனிதர். 2017ல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில் இடிபாடுகளுக்கு அடியில் அவன் சிக்கும் காட்சி இதிலிருந்து பிறந்ததுதான்.

ஸ்டான் லீயின் வசனம் இங்கே கொஞ்சம் அதிகம். படம் சொல்லி முடித்ததை அதுவும் ஒருமுறை சொல்கிறது. வசனத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் ஒரு தடவை பாருங்கள், ஒன்றும் குறையாது. 25ஆம் இதழிலிருந்தே கதையமைப்பும் டிட்கோ என்று இதழிலேயே அச்சாகியிருக்கிறது. அவர் கதையை நடத்தி வரைந்து கொடுப்பார், லீ பிறகு வசனம் எழுதுவார். இருவருக்கும் பேச்சுவார்த்தைகூட இல்லாத காலம் அது. 38ஆம் இதழோடு டிட்கோ விலகிவிட்டார். ஸ்பைடர்மேன் என்றதும் லீ பெயரை மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெண்களை எழுதிய விதம்தான் இந்தக் கதையின் பலவீனம். மே படுத்த படுக்கை, பீட்டருக்குப் பிடித்த பெண்ணான பெட்டி பிராண்ட்டுக்கு ஓயாத கலக்கம். அது அன்றைக்கும் குறைதான்.

அப்புறம், எந்தப் பதிப்பில் படிப்பது? செய்தித்தாள் அச்சிடும் மட்டமான காகிதத்தில் அச்சாகி மங்குவதற்கென்றே போட்ட வண்ணங்கள் அவை. இப்போதைய வழவழத் தாளில் கண்ணைக் குத்துகின்றன. கறுப்பு வெள்ளையில் வந்த 'எசென்ஷியல் ஸ்பைடர்மேன்' இரண்டாம் தொகுதி கிடைத்தால் விடாதீர்கள். டிட்கோவின் மைக்கோடுகள் அதில் அப்படியே தெரிகின்றன. 33ஐ மட்டும் புரட்டாமல் 31லிருந்தே தொடங்குங்கள். அந்த இயந்திரத்தின் கனம் முந்தைய இரண்டு இதழ்களிலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது.