மஞ்சள் விலையைத் தப்பாகப் படித்த அண்ணன்

எங்கள் ஈரோட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். லோக்கல் கேபிளில் செய்தி படித்தார், கோவையில் எஃப்எம்மில் பேசினார், நடுவில் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்தார், ஒரு கட்சிக்கு மேடை ஏறினார், இறங்கினார். இப்போது யூடியூபில் அரசியல் விமர்சகர். போன வாரம் அவர் வீடியோவுக்குக் கீழே ஒருவர் 'பச்சோந்தி' என்று ஒற்றை வார்த்தை போட்டிருந்தார். அதற்கு நூறு லைக்குக்கு மேல். அண்ணன் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் என் கோபம் வேறு.

வேலை மாறுவதெல்லாம் ஒரு குற்றமா? சோ ராமசாமி வக்கீலாக இருந்தார், நாடகம் போட்டார், சினிமாவில் நடித்தார், 1970இல் துக்ளக் ஆரம்பித்தார், 1999இல் மாநிலங்களவைக்குப் போனார். தூர்தர்ஷனில் செய்தி வாசித்த பாத்திமா பாபு சீரியலுக்கும் போனார், அதிமுக மேடைக்கும் போனார். சன் டிவியில் அரசியல்வாதிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்ட ரபி பெர்னார்ட் பின்னாளில் அதிமுக எம்.பி. மைக் பழகினவனுக்கு மைக் இருக்கிற இடமெல்லாம் வேலைதான். எங்கள் பக்கம் தறி ஓட்டினவர் மஞ்சள் கமிஷனுக்குப் போனால் கெட்டிக்காரர் என்கிறோம், பேசிப் பிழைக்கிறவர் இடம் மாறினால் மட்டும் பச்சோந்தியா?

அண்ணன் கேபிளில் செய்தி படித்த காலத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஒரு மண்டிக்கு மேல் மாடி, தகர ஷீட் கூரை, சுவரில் நீலத்துணி. ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும் என்று படிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பவானிசாகர் அணையின் நீர்மட்டம், மஞ்சள் விலை, செத்தவர்கள் அறிவிப்பு, கோயில் கும்பாபிஷேகம். இதுதான் செய்தி. ஒருநாள் நெற்றி வேர்வை தாளில் சொட்டி மை கலைந்துவிட்டது. விரலி மஞ்சளுக்குக் குவிண்டாலுக்கு ஐநூறு ரூபாய் கூட்டிப் படித்துவிட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடையில் நிற்கிறோம். பெரியவர் ஒருவர், தலையில் உருமாலை, நேரே அண்ணனிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, நேத்து வெரலிக்கு வெல சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அத நம்பித்தானுங்க பத்து மூட்டைய வேன்ல ஏத்திப்போட்டு வந்தேன். வண்டி வாடகைய நீங்களே குடுத்துருங்க."

சத்தம் போடவில்லை, திட்டவில்லை. 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இப்படி மரியாதையாகக் கேட்டால்தான் பயமாக இருக்கும். அண்ணன் வாடகையைக் கொடுத்தார், இட்லியும் வாங்கிக் கொடுத்தார். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. அப்புறம் விலையைப் பேப்பரில் ஒருமுறை, உள்ளங்கையில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் எழுதிக்கொள்வார்.

அவர் அரசியல் பேச ஆரம்பித்ததும் அங்கேதான். 1996 மொடக்குறிச்சித் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்து, ஒரே சட்டமன்றத் தொகுதிக்கு 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளித்தான் நடத்தினார்கள். அதே வருடம் சட்டமன்ற வேட்பாளருக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. அந்தப் புத்தகத்தில் சின்னத்தை எப்படித் தேடுவது, குத்திய பிறகு எப்படி மடிப்பது என்று அண்ணன் கேபிளில் விளக்கினார். யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தப்பாகப் போனால் டீக்கடையில் நிற்க முடியாதே!

எஃப்எம் காலம் வேறு மாதிரி. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. மழை, டிராஃபிக், பரீட்சை முடிவு, பாட்டு. மூன்று மணி நேரம் யாருக்கும் வலிக்காமல் பேசுவதும் ஒரு வித்தைதான், அதில் அவர் கெட்டிக்காரர். கட்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் இருந்தார், பெட்ரோல் காசுகூடச் சரியாக வரவில்லை, வந்துவிட்டார்.

என் கோபம் யூடியூபில்தான். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல், எங்கள் வாசலில் நடந்த தேர்தல். 77 வேட்பாளர்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஓட்டுப் போடப் போன என் அம்மா, "மிக்சி கடை மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அண்ணன் வீடியோ போட்டார். நூலிழையில் இழுபறி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மார்ச் 2ஆம் தேதி பெட்டியைத் திறந்தார்கள். ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் 66 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் திரிபுரா, நாகாலாந்து, மேகாலயா முடிவுகளும் வந்தன. அண்ணன் அன்று சாயங்காலம் திரிபுராவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஈரோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை!

ஐநூறு ரூபாய்க்குச் சம்பளத்தில் பாதியை எடுத்துக் கொடுத்த மனிதர் இவர். இப்போது 66 ஆயிரம் ஓட்டு தப்பியும் வேன் வாடகை கேட்க ஆள் இல்லை. பார்க்கிறவர் துபாயில் இருக்கிறார், சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கிருந்து வந்து பிடிப்பார்? வேலை மாறியதைவிட இதுதான் எனக்குக் கசக்கிறது. போன மாதம் அவரிடமே சொன்னேன். சிரித்தார். "தம்பி, டெல்லியப் பத்திப் பேசுனா லட்சம் வியூ, வாய்க்காலப் பத்திப் பேசுனா நானூறு" என்றார். சரி, வயிறு என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் ஏதோ உறைத்திருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் கீழ்பவானி வாய்க்காலைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். 200 கிலோமீட்டர் வாய்க்கால், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று ஒரு பக்கம். போட்டால் கசிவுநீர் நின்று கிணறு வற்றும், கரை மரமெல்லாம் போகும் என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் நம் சொந்தக்காரர்கள்தான், ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். அண்ணன் இரண்டையும் சொன்னார், எங்கே தனக்குப் புரியவில்லை என்பதையும் சொன்னார். பழைய கேபிள் குரல் கொஞ்சம் கேட்டது.

வியூ நானூறுகூட இல்லை, முந்நூற்றுச் சொச்சம். ஆனால் கீழே வெள்ளகோவில் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்க சொன்னதுல ரெண்டு தப்பு இருக்குதுங்க. ஒருக்கா வந்து மதகப் பாத்துட்டுப் பேசுங்க."

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போகிறார். நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.