முன் வரிசையில உக்காந்திருந்தவங்க

சென்னை எப்படி வளரணும்னு போடுற மூணாவது மாஸ்டர் பிளானுக்கு கருத்து கேக்குறாங்கன்னு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்க பக்கத்து இன்ஜினியர் சங்கத்துல இருந்து ஏழெட்டு பேர் ஃபைலோட வந்து முன் வரிசையில உக்காந்துட்டாங்க. சரி இன்னைக்கு உருப்படியா ஏதோ பேசப்போறாங்கன்னு பாத்தா எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எவ்ளோ கட்டலாம்ங்கிற கணக்கு) கூட்டுங்க, செட்பேக் (கட்டடத்தைச் சுத்தி விடவேண்டிய காலி எடம்) கொறைங்க, ஃபீஸ் கொறைங்க, அவ்ளோதான். பின்னாடி இருந்து ஒரு அக்கா எழுந்து "எங்க தெருவுல வாய்க்கா மேலயே வீடு கட்டிட்டாங்க, மழைத்தண்ணி எங்க சார் போகும்"னு கேட்டாங்க. ஊர்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு லெவல் எடுத்து எடுத்தே மனப்பாடமா வச்சிருக்கிறவங்க அந்த முன் வரிசைதான். ஒருத்தரும் வாய் தொறக்கல.

சங்கமே வேணாம்னு நான் சொல்லல. டவுன் பிளானர்களுக்கு 1951லயே தேசிய அளவுல இன்ஸ்டிட்யூட் வந்தாச்சு, பரீட்சை எல்லாம் நடத்துறாங்க. ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் இருக்கு, தப்பு பண்ணா பேரையே எடுத்துடலாம். இன்ஜினியருக்கு நாடு முழுக்க அப்படி ஒரு சட்டமே கெடையாது. கட்டட அனுமதி குடுக்குற சிஎம்டிஏவோ டிடிசிபியோ இன்ஜினியரோட பதிவை ரத்து பண்ணலாம்தான், ஆனா எவன் எடத்தைப் போய்ப் பாக்காமலே கையெழுத்து போடுறான்னு முதல்ல தெரியுறது கூடத் தொழில் பண்றவங்களுக்குத்தானே?

2014ல மவுலிவாக்கத்துல 11 மாடி விழுந்து 61 பேர் செத்தாங்களே, அதுவும் அப்ரூவல் வாங்கின கட்டடம்தான். இப்போ 2024ல இருந்து 2500 சதுர அடி மனைக்குள்ள 3500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா சுயசான்று, ஆன்லைன்ல போட்டா உடனே அனுமதி, முன்கூட்டி யாரும் வந்து எடத்தைப் பாக்க மாட்டாங்க. நல்லதுதான், லஞ்சம் குடுத்து அலையுறது மிச்சம். ஆனா அந்த அதிகாரி பாக்காத எடத்தை யாரு பாக்கப்போறா? பிளான் போட்டுக் குடுக்குற இன்ஜினியரை விட்டா வேற ஆளே இல்ல.

அந்த சங்கத்துல இருக்குற ஃப்ரெண்டு கிட்ட கேட்டேன், வாய்க்கா பொறம்போக்குல பிளான் போட்டுக் குடுத்தா மெம்பர்ஷிப்பை எடுத்துடுவோம்னு ஒரு தீர்மானம் போடுங்களேன்டான்னு.

"போட்டுட்டு? அப்புறம் சங்கத்துல எவன்டா இருப்பான்?"னான். சிரிக்கக்கூட இல்ல அவன்.