சாண்ட்விச் கட்டலாம், மெம்பிஸ் பற்றிப் பேசக் கூடாது

கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரில் அமெரிக்காவில் லீவு விடும் கிங் தினத்தன்று, நம் தமிழ்ச் சங்கம் நடத்திய சேவை நாளில் வாசலில் ஒட்டிய ஒரு போஸ்டரைக் கழற்றிவிட்டார்கள். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றிரவு சங்கத்தின் குழுவில் வந்த அந்த ஏழு நிமிடக் குரல் பதிவைக் கேட்டபின் முடியவில்லை. விவகாரம் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகப் போவதில்லை. போஸ்டரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதை வரைந்தது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். ஒரு குப்பை லாரி, பின்பக்கம் திறந்திருக்கிறது, மேலே சாய்கோடுகளாக மழை. கீழே எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்று இரண்டு பெயர்கள். மெம்பிஸ், 1968 பிப்ரவரி 1. அவ்வளவுதான். கோஷம் இல்லை, கட்சி இல்லை, இன்றைய அரசியல்வாதி எவர் முகமும் இல்லை. வாசலில் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றி, சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, “இது சேவை நாள் அக்கா, அரசியல் வேண்டாம், குழந்தைகள் வருகிறார்கள்” என்றார்கள். வரைந்ததே ஒரு குழந்தைதான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த இருவரும் மெம்பிஸ் நகரத்தின் குப்பை அள்ளும் தொழிலாளர்கள். கொட்டும் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் லாரியின் பின்பகுதிக்குள் நின்றார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கியது. அடுத்த சில நாட்களில் சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தது இவர்கள்தான். இவர்களுக்காகத்தான் கிங் மெம்பிஸ் போனார். ஏப்ரல் 4 மாலை லொரெய்ன் மோட்டலின் பால்கனியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 39.

ஆக, யார் பெயரில் நமக்கு அந்தத் திங்கட்கிழமை லீவு கிடைக்கிறதோ, அவர் உயிர் போன இடம் அது. அதை வரைந்தால் அரசியல். அவர் படத்தை பேனரில் போட்டு, பக்கத்தில் வீடு வாங்க விற்க அணுகவும் என்று ஸ்பான்சர் தொலைபேசி எண்ணையும் போட்டால் சேவை. நல்லது.

அரசியல் வேண்டாம் என்றால் இந்த லீவே வேண்டாம் என்றுதான் அர்த்தம். அவர் இறந்த நான்காம் நாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் கானியர்ஸ் இந்த லீவுக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேற 15 ஆண்டுகள் ஆயின. 1979-ல் பிரதிநிதிகள் சபையில் ஐந்து ஓட்டில் தோற்றது. அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டது 1983-ல், முதல் விடுமுறை 1986-ல். அரிசோனா மக்கள் 1990-ல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு, அதனால் அங்கே நடக்கவிருந்த 1993 சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியையே இழந்தார்கள். தென் கரோலினா 2000-ல்தான் வழிக்கு வந்தது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இன்றுவரை அதே நாளில் ராபர்ட் லீக்கும் சேர்த்து விழா. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதியும் கிங்கும் ஒரே லீவில்! இதெல்லாம் அரசியல் இல்லாமல் பூஜை போட்டா நடந்தது?

சேவை நாள் என்ற ஏற்பாடு மட்டும் சாதுவாக வந்ததா? 1994-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பென்சில்வேனியாவின் அன்றைய செனட்டர் ஹாரிஸ் வாஃபோர்ட். மற்றவர் ஜான் லூயிஸ், 1965-ல் கறுப்பினத்தவர் உரிமை ஊர்வலத்தில் அலபாமாவின் செல்மா பாலத்தில் போலீஸ் தடியால் மண்டை உடைந்தவர். உடைந்த மண்டையோடு நின்றவர் நமக்குக் கொடுத்த நாள் இது. அதில் நாம் சாண்ட்விச் கட்டலாம், மெம்பிஸ் என்று மட்டும் சொல்லக் கூடாது.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னை முதன்முதலாக இந்த நாளுக்குக் கூட்டிப் போனது கீழ் வீட்டில் இருந்த கறுப்பினப் பெரியம்மா. பிலடெல்பியாவில் ஜிரார்ட் கல்லூரி வளாகத்தில் பெரிய அளவில் நடக்கும், உங்களில் பலர் போயிருப்பீர்கள். கல்லூரி என்று பெயர்தானே தவிர, அது பள்ளிக்கூடம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே கல் மதில். காரை நிறுத்தியதும் அந்தம்மா உள்ளே போகவில்லை. நேராக மதிலிடம் போய்க் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையை அதன் மேல் வைத்து நின்றார். வெள்ளைக்கார அனாதைப் பையன்களுக்கு மட்டும் என்று, அதற்குப் பணம் விட்டுப்போன ஜிரார்ட் உயில் எழுதி வைத்த பள்ளி அது. 1965-ல் மாதக்கணக்கில் அந்த மதிலைச் சுற்றி மறியல் நடந்தது, கிங்கே வந்து பேசினார். கறுப்பினப் பையன்கள் உள்ளே போனது 1968-ல்தான். “அன்றைக்கு எங்களை வெளியே நிற்க வைத்தார்கள், இன்றைக்கு உள்ளே சாப்பாடு கட்டக் கூப்பிடுகிறார்கள்” என்று சிரித்தார். அப்புறம் உள்ளே போய் மத்தியானம் வரை உட்காராமல் வேலை செய்தார். அவர் சேவையும் செய்தார், மதிலையும் தொட்டார். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள். “பசித்தவனுக்கு சாண்ட்விச்தான் முக்கியம், போஸ்டர் இல்லை” என்பார்கள். சரிதான். அந்த சாண்ட்விச்சை யார் கட்டினார்கள் என்று கொஞ்சம் விசாரித்துவிட்டு வாருங்கள்.

“கிங் அன்பைத்தானே பேசினார், நீங்கள் ஏன் கோபத்தைக் கிளப்புகிறீர்கள்” என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். 1966-ல் கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அன்பை மட்டும் பேசியவரை எதற்கு அத்தனை பேர் வெறுத்தார்கள் அண்ணா?

“நாம் பிழைக்க வந்தவர்கள், எதற்கு வம்பு” என்பதுதான் என்னை ரொம்பச் சுட்டது. 1965-க்கு முன் இந்தியர்களுக்கு இந்த நாடு ஒதுக்கியிருந்த குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. மொத்த இந்தியாவுக்கும் நூறு. இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் வந்த அடுத்த ஆண்டு, வாக்குரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டு, 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் அந்த இனவாரி ஒதுக்கீட்டை ஒழித்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்துப் போராட்டக் காற்று அடிக்காமல் அது நடந்திருக்காது. நம் விசா, நம் வீடு, நம் பொங்கல் விழா எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. வாசலைத் திறந்துவிட்டவர்களைப் பற்றி ஒரு போஸ்டர் ஒட்டினால் வம்பா?

“பொங்கல் விழாவுக்கு எட்டிப் பார்க்காதவர் இதற்கு மட்டும் வரிந்து கட்டுகிறார்” என்று ஒருவர். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில் பொங்கல் விழா நடந்த பள்ளியின் சமையல்கூடத்தில் சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சியது நான். அடிப்பிடித்த அண்டாவை ஊறவைத்துத் தேய்த்தது நானும் இன்னும் இரண்டு பெண்களும். மேடையில் இல்லை, அது உண்மை. மேடையில் இருந்தவர்களுக்கு அண்டா யார் தேய்த்தது என்று தெரியாது, அதுவும் உண்மை.

சரி, குரல் பதிவுக்கு வருகிறேன். “ஊர்ப் பிரச்சினையை இங்கே கொண்டுவந்து பிள்ளைகள் மனதைக் கெடுக்காதீர்கள்.” இதைத்தான் மூன்று முறை கேட்டேன். போஸ்டரில் ஊர் எங்கே இருந்தது? மெம்பிஸ் இருந்தது. குப்பை லாரி இருந்தது. குப்பை அள்ளி இறந்த இருவர் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் உங்களுக்கு எதற்காக ஊர் ஞாபகம் வந்தது?

எனக்கும் வருகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். இன்னமும் தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சு முட்டிச் சாகிறார்கள். யார் இறங்குகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று அந்தப் பெண் அடுத்து கேட்டுவிடுவாள் என்ற பயம்தானே போஸ்டரைக் கழற்றியது?

கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்தார், கன்னியாகுமரி வரை போனார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தலித் மாணவர்கள் முன்னால், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்று இருந்ததாம். யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னால் அவரே தன் தேவாலயத்தில் சொன்னார். அவருக்குத் தெரிந்த உறவு நம் சங்கத்துக்குத் தெரியவில்லை. சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது இதே குழுவில் எத்தனை பேருக்கு இரத்தம் கொதித்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு யாரும் அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எழுதினீர்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். “விடுங்க அக்கா, அவள் மறந்துவிடுவாள்” என்றார். அவள் மறக்க மாட்டாள் என்பது அவருக்கும் தெரியும்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். சாக்ஸும் பற்பசையும் வாங்கிய ரசீதுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பொருளாளர் தனியாக மெசேஜ் போட்டால் அனுப்பி வைக்கிறேன். கணக்கு விஷயத்தை யாரும் கமெண்டில் இழுக்க வேண்டாம்.