பாலையா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 1964இல் வந்த படம். இன்றைக்கும் யாராவது அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அனுப்புகிறவர்கள் "நாகேஷ் காமெடி" என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. கதை கேட்கிறார், அவ்வளவுதான். அந்த முகத்தில் முதலில் ஆர்வம் வருகிறது, அப்புறம் சந்தேகம், அப்புறம் பயம். புருவம் ஏறுகிறது, வாய் கோணுகிறது, கண் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. பெரிய எஸ்டேட் முதலாளி, சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நடுங்குகிறார். நாகேஷ் சொல்லும் கதையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. பாலையா அதற்குப் பயப்படுவதால்தான் நாம் சிரிக்கிறோம்.

குணச்சித்திர நடிகர் என்றால் கதாநாயகனுக்கு அப்பாவாகவோ மாமாவாகவோ வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். என் கருத்து வேறு. ஒரு காட்சியில் பேசுகிறவரை நாம் நம்புவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது, எதிரில் நின்று கேட்கிறவர்தான். மகன் கைவிட்டுப் போனான் என்பதை அப்பாவாக நடிப்பவரின் தோள் சொல்லவேண்டும். நாயகனிடம் வலு இருக்கிறது என்பதை வில்லனின் கண் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த வித்தை யாருக்கும் தானாக வந்துவிடாது. தமிழில் இதைக் கற்றுக்கொடுத்தது நாடக மேடை. அந்த மேடையைக் கைவிட்டுவிட்டு, "இப்போதெல்லாம் அந்த மாதிரி நடிகர்கள் வருவதில்லையே" என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு பையன்களைச் சேர்த்து, கம்பெனி வீட்டிலேயே தங்க வைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் உருப்போட வைத்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா, டி.கே.எஸ். சகோதரர்களின் சபா என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். வாத்தியாரின் அடி உண்டு, பள்ளிக்கூடம் கிடையாது, சம்பளம் சொற்பம். அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. பிள்ளைகளை அப்படி வளர்த்தது கொடுமைதான். ஆனால் அங்கே ஒரு பையன் ஒரே வேடத்தோடு நின்றுவிட முடியாது. ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவன், வயது வந்து மகரக்கட்டு உடைந்து குரல் போனதும் சேவகனாகவோ கிழவனாகவோ மாறியாக வேண்டும். ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரர், காய்ச்சலில் படுத்தால் அவருடைய பாடத்தையும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் வசனம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மேடையில் மற்றவர் பேசும்போது மரம் மாதிரி நின்றால் வாத்தியார் விடமாட்டார்.

இப்படி மேடையில் அடிபட்டு வந்தவர்கள்தான் சினிமாவில் வேரூன்றினார்கள். டி.எஸ்.பாலையாவின் முதல் படம் 1936இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். ஒருவர் நாட்டை ஆண்டார். இன்னொருவர் வில்லனாகி, நகைச்சுவைக்கு மாறி, அப்பாவாகி, எந்த வேடம் கொடுத்தாலும் அதைத் தன்னுடையதாக்கிவிட்டுப் போனார். 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக அவர் வந்து உட்காரும் தோரணையே பாண்டிய நாட்டை மிரட்டிவிடும். பாடியது பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் அந்தக் குரலுக்குள் இருந்த செருக்கை உடம்புக்குக் கொண்டுவந்தது பாலையா. அதே ஆள்தான் விறகு விற்பவனின் பாட்டைக் கேட்டு ஆடிப்போய் ஊரைவிட்டே கிளம்புகிறார். அங்கேயும் பாருங்கள், கேட்பதுதான் அவருக்கு வேலை.

வி.கே.ராமசாமி 1947இல் 'நாம் இருவர்' படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு வயது 21. நாடகத்தில் போட்ட அதே வேடம். அதன் பிறகு அரை நூற்றாண்டு அப்பாவாகவும் மாமனாராகவும் பண்ணையாராகவும் நடித்துத் தீர்த்தார். வாலிபத்தில் நாயகனாகும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நரைத்த மீசையை ஒட்டிக்கொண்டு நின்றவர்களின் தியாகத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது, ஏனென்றால் அவர்களுக்கு நடந்தது இன்னும் மோசம். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவராக வந்தவர் ரஜினிகாந்த். 1991இல் 'தளபதி' படத்தில் அதே ரஜினிக்கு அம்மா ஸ்ரீவித்யா. அவர் ரஜினியைவிட வயதில் சிறியவர். பண்டரிபாய் 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1969இல் 'தெய்வமக'னில் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்கு அம்மா. ஆணுக்கு வயது ஏறினால் சம்பளம் ஏறுகிறது, பெண்ணுக்கு வயது ஏறினால் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தட்டைப் பிடித்தபடியே காட்சியைத் தன் பக்கம் இழுத்தவர்கள் இருக்கிறார்கள். 'பதினாறு வயதினிலே' காந்திமதியை நினைத்துப் பாருங்கள். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கல்யாண வீட்டில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் திருடும் பாட்டியாக எஸ்.என்.லட்சுமி செய்ததை வேறு யார் செய்திருக்க முடியும்? 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மாவும் அவரேதான். மனோரமா பள்ளத்தூரில் வளர்ந்து நாடகத்தில் பாடி ஆடிப் பிழைத்தவர். 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக அவர் சிரிக்கும் சிரிப்புக்குப் பின்னால் அந்தப் பிழைப்பு முழுக்க இருக்கிறது. நாடகக்காரி என்றால் ஊர் எப்படிப் பார்க்கும், அதை எப்படிச் சிரித்துக்கொண்டே தாண்டவேண்டும் என்பதை அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி நாடகம் ஓய்ந்த பிறகு சென்னையில் சபா நாடகம் அந்த வேலையைச் செய்தது. பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை. பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். மேஜர் சுந்தரராஜனுக்கு அந்த 'மேஜர்' பட்டம் தந்தது பாலசந்தரின் நாடகம். டெல்லி கணேஷ் பத்து ஆண்டுகள் விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவிலும், பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவிலும் நடித்தவர். 'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி வேடம் அவருக்கு. வித்வானின் பார்வை மேலே விழும்போது அந்த முகத்தில் வரும் கூச்சத்தை நான் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். தப்பு செய்தவன், அதைத் தெரிந்தவன், ஆனாலும் வாசிக்க ஆசைப்படுகிறவன். மூன்றும் ஒரே நேரத்தில். 400 படங்களுக்கு மேல் நடித்தார். தேசிய விருது வரவில்லை. 2024 நவம்பரில் அவர் இறந்த அன்று முகநூல் முழுக்க அவர் படம்தான். உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒரு படத்துக்கு டிக்கெட் வாங்கினோமா?

விருது என்றதும் ஞாபகம் வருகிறது. துணை நடிகருக்கான தேசிய விருதே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். பாலையா 1972இலும் குணச்சித்திர நடிகர் எஸ்.வி.ரங்காராவ் 1974இலும் போய்விட்டார்கள். 'கப்பலோட்டிய தமிழ'னில் பாரதியாகவே வாழ்ந்த எஸ்.வி.சுப்பையாவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. நாகேஷுக்கு வந்த ஒரே தேசிய விருது 'நம்மவர்' படத்துக்காக, 60 வயதுக்குப் பிறகு. எம்.எஸ்.பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2025இல் அறிவித்தார்கள். மனசு நிறைந்துபோனது. பட்டாபி என்ற வேடத்தில் சின்னத்திரையில் சிரிக்க வைத்த மனிதர், எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்த மனிதர், கடைசியில் தன் முகத்துக்கே விருது வாங்கினார்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் இருக்கும். நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், கோமாளி வேடம் போடும் பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு ஊர். ஏஜென்ட் மூலமாகத் தேதி வாங்கி, அன்று ராத்திரிதான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகையே கிடையாது. 'வள்ளி திருமண'மோ 'அரிச்சந்திரா'வோ, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் தர்க்கம் செய்ய ஆரம்பித்தால் எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்று தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால்தான் பிழைக்க முடியும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை.

அப்படி ஒரு ராஜபார்ட் நடிகரை எனக்கு நன்றாகத் தெரியும். மேடைக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள், டிரங்குப் பெட்டி மூடியை நிமிர்த்திக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரோஸ் பவுடரை எண்ணெயில் குழைத்துத் தானே முகத்தில் பூசிக்கொள்வார். உதவிக்கு ஆள் கிடையாது. பூசி முடித்ததும் பேச்சே மாறிவிடும். "தம்பி, அந்த கிரீடத்தை இப்படிக் கொடுங்க" என்பார், அதிலேயே 'வள்ளி திருமண'த்து வேலன் வந்துவிடுவான். எங்கள் பகுதியில் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது பஞ்சாயத்துக் காட்சிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். நாயகன் நாலு பக்கம் பேசினார், இவர் கேட்டார். அந்தக் காட்சியைத் திரையில் பார்த்தபோது கூட்டத்தில் நிஜமாகவே ஒரு வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அவர் ஒருவர்தான். படத்தில் பெயர் போடவில்லை. பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. மீதிக்கு அந்த கம்பெனியின் மேனேஜருக்கு எத்தனையோ தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. "பரவாயில்ல தம்பி, சிவாஜி நடிச்ச தொழில்ல நாமளும் நின்னுட்டோம்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக நானும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது.

கொஞ்சம் பெயர் தெரிந்த நடிகருக்கு ஒரு பிடி இருக்கிறது. பாக்கிப் பணம் வராமல் டப்பிங்குக்குப் போகமாட்டேன் என்று நிற்கலாம். வசனமே இல்லாமல் நிற்கிறவருக்கு அந்தப் பிடியும் இல்லை. நாள் கணக்கில் சம்பளம், பேட்டா, அத்தோடு சரி. நடிகர் சங்கத்தில் வெளியூர் நாடக நடிகர்கள் ஏராளமான பேர் உறுப்பினர்கள். சங்கத் தேர்தல் வந்தால் நாயக நடிகர்கள் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் ஓடோடி வந்து அவர்களைப் பார்க்கிறார்கள். ஓட்டு எண்ணி முடித்தபின் அந்த மேடைகளின் பக்கம் ஒரு படக் கம்பெனியாவது நடிகர் தேடி வந்திருக்கிறதா?

"கூத்துப்பட்டறை இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்த நாடகக் குழு பசுபதியை, கலைராணியை, குரு சோமசுந்தரத்தைத் தந்தது. அங்கே கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதியும் பார்த்துப் பார்த்தே நடிகரானார். ஆனால் ஒரு பட்டறையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய தொழில் எத்தனை நாள் ஓட்டும்? கிடைத்தவர்களையாவது ஒழுங்காகப் பயன்படுத்தினோமா? 'ஜோக்க'ரில் அப்படி நடித்த குரு சோமசுந்தரத்துக்கு அதற்கு ஈடான வேடத்தை 2021இல் 'மின்னல் முரளி'யில் மலையாளிகள்தான் கொடுத்தார்கள். மாரிமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உதவி இயக்குநர், இரண்டு படங்களின் இயக்குநர், எத்தனையோ படங்களில் போலீஸ், அப்பா. வீட்டுக்கு வீடு அவர் பெயர் தெரிந்தது 'எதிர்நீச்சல்' சீரியலில்தான். அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே 2023 செப்டம்பரில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

பெரிய படங்களில் இப்போது வேறு பழக்கமும் வந்துவிட்டது. வியாபாரத்துக்காக வெளிமாநிலத்துத் தெரிந்த முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, குரலை இங்கே ஒருவரிடம் வாங்கி ஒட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் நடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரங்காராவ் ஆந்திராவிலிருந்து வந்தவர்தான். அவர் தமிழைத் தானே பேசினார், எதிரே நின்ற நடிகர் சொல்வது புரிந்து நடித்தார். எதிராளியின் வசனம் விளங்காமல் நிற்கிறவர் எப்படிக் கேட்டு நடிக்க முடியும்?

எனவே தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. வசனம் இருக்கிறதோ இல்லையோ, முகம் தெரிய நடித்த ஒவ்வொருவரின் பெயரும் வேடத்தின் பெயரோடு படத்தில் வரட்டும், படிக்கிற வேகத்தில் ஓடட்டும். நாள் சம்பளக்காரருக்கு அன்றைய பணம் அன்று சாயங்காலமே கைக்கு வரட்டும். இயக்குநர்கள் பஞ்சாயத்துக் காட்சிக்கு ஆள் தேடும்போது ஒரு ராத்திரி எங்கள் பக்கம் வந்து 'அரிச்சந்திரா' மயான காண்டம் முடியும் வரை உட்காரட்டும். மதுரை, புதுக்கோட்டையில் நாடக சங்கத்தில் விசாரித்தால் எந்த ஊரில் எந்தத் தேதி என்று சொல்வார்கள்.