நாலு இலைக்கு ரயில் நிற்குமா? சுற்றும் செய்தி சரியா?

"பல நூறு டன் ரயிலை நாலு இலை நிறுத்துமாம்! பிரிட்டன்காரன் சொல்லும் சாக்கைப் பாருங்கள். இழப்பீடும் கிடையாதாம்." இலையுதிர்காலம் வந்தாலே வாட்ஸ்அப்பில் இது சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டுமே தவறு.

இலை ரயிலை மறிப்பதில்லை, வழுக்கவிடுகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் சின்ன நாணயம் அளவுதான். அந்த அழுத்தத்தில் ஈர இலை நசுங்கிக் கறுப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். இலையிலுள்ள டானின் என்ற வேதிப்பொருள் இரும்போடு வினைபுரிவதால் வரும் கறுப்பு அது, லேசில் போகாது. அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், ரயில் நிற்காது! அதனால் ஓட்டுநர்கள் வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். தாமதம் அங்கேதான் பிறக்கிறது. படலம் தடித்தால், ரயில் எங்கே நிற்கிறது என்பதே சிக்னலுக்குத் தெரியாமல் போகவும் கூடும்.

2021 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், சிவப்பு சிக்னலில் நிற்க முடியாமல் வழுக்கிப்போன ரயில் இன்னொரு ரயிலில் மோதியது. வழுக்கிய ரயிலின் ஓட்டுநருக்குப் படுகாயம். பிரேக் பிடித்ததில் தாமதம் இருந்தது. ஆனாலும் இலைப் படலத்தையும், அந்த ஆபத்தைச் சரியாகச் சமாளிக்காத, தண்டவாளங்களைப் பராமரிக்கும் 'நெட்வொர்க் ரயில்' நிறுவனத்தையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. திட்டுவதானால் இதற்குத் திட்டலாம், நியாயம் உண்டு. ஆனால் தண்டவாளத்தை உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் தனி ரயில்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓடத்தான் செய்கின்றன.

இழப்பீடா? தாமதத்துக்கு இழப்பீடு தரும் 'டிலே ரீபே' திட்டத்தில் உள்ள ரயில் நிறுவனங்கள் காரணம் பார்ப்பதில்லை. நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்திலிருந்து கேட்கலாம். பொதுவாக 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.