அருவியில் நிற்கத் தெம்பு இருக்கிறதாம்

சரி, எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஐந்தருவியில் நான் நிற்கிற படத்துக்குக் கீழே, மகளுக்கு வளைகாப்பு நடத்திய எங்கள் மதினி எழுதியதையும், அதற்கு விழுந்த 48 சிரிப்புப் பொம்மைகளையும். "அருவியில நிக்கத் தெம்பு இருக்கு, வளைகாப்புல வளையல் போட்டுவிட மட்டும் கை வலிக்குதாக்கும்." அழித்துவிடு என்று தனியாக வந்து சொன்னவர்களுக்கு நன்றி. அழிக்க மாட்டேன். இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எனக்கு முடக்குவாதம், மூட்டெல்லாம் வீங்கி இறுகுகிற நோய். முடக்குவாதக்காரிக்கு நல்ல நாளும் உண்டு. அந்த நல்ல நாளைப் பிடித்துவைத்துக்கொண்டு, மற்ற நாளெல்லாம் நடிப்பு என்று சொல்லாதீர்கள்.

அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு எடுத்தது. அன்று காலை 5 மணிக்கு முழித்தவளுக்கு விரல் மடங்கத் தொடங்கவே 7 மணி ஆனது. சாரல் விழுந்தால் செங்கோட்டைக்கே கொண்டாட்டம். நான் வெந்நீர்ச் சட்டியில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை. வளைகாப்பு காலை 7.30க்கு. அந்நேரம் என் கை என் பேச்சைக் கேட்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிறவள், கர்ப்பிணிப் பெண் கையில் கண்ணாடி வளையலை ஏற்றவா? ஒன்று உடைந்திருந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"மூட்டுவலி யாருக்குத்தான் இல்லை" என்று ஒருவர். அண்ணாச்சி, இது தேய்மானம் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைப் பகையென்று நினைத்து அடிக்கிற நோய். எனக்கு 32 வயதில் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். (அதனால்தான் நம் வீடுகளில் யாரும் இதற்கு அவசரப்படுவதில்லை என்று எனக்கொரு சந்தேகம். நிரூபிக்க முடியாது. ஆனாலும் சொல்வேன்.)

"எல்லாம் மனசுதான்" என்று எழுதிய மகராசிக்கு: மனசு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூங்காத உடம்பில் வலி கூடும், இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்க்கும். 2013ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஆறு பேரில் ஒருவர். வலியால் மனசு நொந்துபோகிறது. ஆனால் வலியே மனசு கட்டிய கதை என்றால், நெல்லிக்காய் மாதிரி வீங்கி நிற்கிற என் விரல் முட்டி என்ன, கற்பனையா?

அடுத்தது, "கர்க்கடக மாசம் புனலூர் பக்கம் போய் உழிச்சல் செய்யேன்." அந்த எண்ணெய்த் தேய்ப்பையும் செய்தேனே. படுத்திருக்கையில் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆங்கில மருந்தை விட்டால்தான் இது பிடிக்கும் என்றார்கள், விட்டேன். நான்கே மாதத்தில் இடது மணிக்கட்டு மடங்காமல் போனது. இதைப் பற்றி இனி யாரும் என்னிடம் வாதாட வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ரத்த டெஸ்ட்) எவ்வளவு, ஈரல் டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்ட டாக்டர்கள் பலர். போன தை மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, "ராத்திரி உறக்கம் உண்டோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, உள்ளே நான் அழுதுகொண்டே இருந்தேன்.

நீங்கள் ஒருநாள் கேட்டதுண்டா மதினி? உங்கள் மகளுக்கு ஏழு வயது வரை சடை பின்னிவிட்டது இதே கைதான். அவள் வளைகாப்புக்கு வளையல் போட எனக்கு ஆசை இருந்திருக்காதா? அண்ணன் டைபாய்டில் கிடந்தபோது ஒன்றரை மாதம் உங்கள் அடுப்படியில் நின்றது யார்? சரி, இது இங்கே வேண்டாத பேச்சு. தெரியும்.

எனக்கென்று கொடுத்துவிட்ட வளையல் வந்து சேர்ந்தது. 2.4 சைஸ். பழைய அளவை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். இப்போது 2.8 கூட முட்டியைத் தாண்டுவதில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இன்று வியாழன், இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை போடுகிற மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் போட்டாச்சு. நாளைக்கு யாருக்கும் பதில் எழுத மாட்டேன். கோபம் என்று நினைக்க வேண்டாம், குமட்டல்.